பதினைந்து வாட் முழக்கம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இஎல்84 என்ற வால்வின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும், பெருக்கினால் 4.8 வாட். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஹீட்டருக்கு 1.9 வாட் போதும். ஈவிஎச் நிறுவனத்தின் 5150 III எல்பிஎக்ஸ் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் முதல் வகை இரண்டும் இரண்டாம் வகை ஐந்தும் இருக்கின்றன. ஆக, கிட்டாரில் ஒரு கம்பியைக்கூட யாரும் தொடாத நிலையிலேயே, வால்வுகளைச் சூடாக வைத்திருக்க மட்டும் 19 வாட் போய்விடுகிறது. அந்தப் பெட்டி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதோ 15 வாட். ஸ்பீக்கர் அதிலும் கைவைக்கும். நல்ல கிட்டார் ஸ்பீக்கர்கூடத் தனக்கு வரும் மின்சாரத்தில் 6 சதவீதத்தைத்தான் ஒலியாக்கும். மிச்சமெல்லாம் காயிலில் வெப்பமாகக் கழிந்துவிடும். கடைசியில் அறைக்குள் வந்து சேரும் ஒலியின் திறன் ஒரு வாட்டைக்கூட எட்டுவதில்லை.

ஒரு வாட்டுக்கும் குறைவான அந்த ஒலிக்கே பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுவார்.

இந்த வகைப் பெட்டிக்குக் கிட்டார்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் லஞ்ச்பாக்ஸ். 2006-இல் இங்கிலாந்தின் ஆரஞ்சு நிறுவனம் டைனி டெரர் என்றொரு ஆம்பைக் கொண்டுவந்தது. மூன்றே குமிழ்கள்: கெயின், டோன், வால்யூம். 15 வாட்டுக்கும் 7 வாட்டுக்கும் மாற்ற ஒரு சுவிட்ச். தோளில் மாட்டிக்கொண்டு போக ஒரு பை. அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் தங்கள் 100 வாட் ராட்சதர்களைச் சுருக்கிச் சின்னப் பெட்டியில் அடைக்கத் தொடங்கின. பீவி, மெசா பூகி, ஈவிஎச் என்று வரிசையாக வந்தன. மேடையின் பின்பக்கச் சுவர் முழுக்க அடுக்கி வைத்த பெட்டிகளிலிருந்து வந்த சத்தத்தை இதற்குள் எப்படி அடைத்தார்கள்? அந்தச் சத்தம் ஆம்பின் எந்தப் பகுதியில் பிறக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

வால்வு என்பது காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். 200, 300 வோல்ட்டில் நிற்கும் பிளேட் அவற்றை இழுக்கும். 1904-இல் ஃபிளெமிங் செய்த வால்வில் இவ்வளவுதான். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பிவலையை நுழைத்தார். கிரிட்டின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் நடுவில் பாயும் எலக்ட்ரான் கூட்டம் பெரிதாக ஏறி இறங்கும். சிறியதைக் கொண்டு பெரியதை ஆட்டுவிப்பதுதான் பெருக்கம். நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோ சுவிட்ச் போட்டதும் பாடாமல் அரை நிமிடம் காய்ந்த பிறகு பாடியதற்கும் இதுதான் காரணம்: கேத்தோடு சூடாகாமல் எலக்ட்ரான் கிளம்பாது.

பொறியாளர்களின் கண்ணோட்டத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையர் என்பது உள்ளே போனதை அப்படியே பெரிதாக்கித் தருவது. அலையின் வடிவம் மாறினால் அது பழுது. ராக் இசையின் கதை முழுக்க அந்தப் பழுதைத் தேடிப் போனவர்களின் கதை. 1951-இல் 'ராக்கெட் 88' பாடலைப் பதிவு செய்ய மெம்ஃபிஸ் நகருக்குப் போகும் வழியில் ஒரு குழுவின் ஆம்ப் அடிபட்டது. பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, அதன் கரகரப்போடு பதிவு செய்தார். 1964-இல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன்னிடம் இருந்த எல்பிகோ என்ற மலிவான குட்டி ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டார். அதன் வெளியீட்டை ஒரு பெரிய வாக்ஸ் ஆம்புக்குள் செலுத்தினார். சின்ன ஆம்பில் சிதைத்து, பெரிய ஆம்பில் சத்தத்தைக் கூட்டும் வேலைப் பிரிவினை அது. பின்னால் வந்த, பெருக்கம் மிகுந்த ஹை கெயின் ஆம்ப் முழுவதும் அந்த ஏற்பாட்டில் கருவாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

1960-களில் பெரும்பாலானவர்களுக்கு இருந்த வழி ஒன்றுதான்: வால்யூமை முழுக்கத் திருப்பு. அப்போதுதான் ஆம்பின் கடைக்கோடியில் இருக்கும் பவர் வால்வுகள் மூச்சுத் திணறிச் சிதைக்கத் தொடங்கும். அரங்கத்தின் ஒலிபெருக்கி அந்தக் காலத்தில் பாடகரின் குரலுக்கு மட்டுமே. கிட்டார் தன் சொந்த ஆம்பைக்கொண்டே அரங்கை நிரப்ப வேண்டும். லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்தது தி ஹூ போன்ற குழுக்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதால். சிதைவும் சத்தமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று வேண்டுமானால் மற்றதையும் சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிரித்து வைத்தவர் கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித். அவர் முதலில் பேர் வாங்கியது ஒரு குறும்பால். கன்ட்ரி ஜோ அண்ட் தி ஃபிஷ் குழுவின் பாரி மெல்டனுடைய ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப் அவரிடம் வந்தது. 12 வாட்டுக்கு மேல் தராத பயிற்சி ஆம்ப் அது. வெளித்தோற்றத்தை மாற்றாமல் உள்ளே பல மடங்கு திறன் கொண்ட சர்க்யூட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் பொருத்திக் கொடுத்தார். அதை வாசித்துப் பார்த்தவர்களில் கார்லோஸ் சந்தானாவும் ஒருவர். அவர் மெச்சிச் சொன்ன வார்த்தையிலிருந்துதான் 'பூகி' என்ற பெயர் வந்தது. ஆனால் அறிவியலுக்கு முக்கியமானது அடுத்த சம்பவம். லீ மைக்கேல்ஸ் என்ற கீபோர்டு கலைஞர் தன் பெரிய பவர் ஆம்ப்களைத் தூண்ட ஒரு ப்ரீஆம்ப், அதாவது பவர் பகுதிக்கு முன்னால் நிற்கும் பெருக்கி, கேட்டார். எவ்வளவு பெருக்கம் தேவைப்படும் என்று தெரியாததால் ஸ்மித் ஒரு வால்வுக் கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். கட்டங்களுக்கு இடையே அளவைக் கூட்டக் குறைக்கக் குமிழ்களும் வைத்தார். முன் குமிழைக் கூட்டிப் பின் குமிழைக் குறைத்தால் ப்ரீஆம்பிலேயே சிதைவு முழுதாக விளைந்துவிடுகிறது என்பது அப்போது தெரிந்தது. பவர் வால்வுகள் சும்மா இருந்தாலும் கவலையில்லை.

அந்த அடுக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து 0.1 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை வால்வான 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதி அதை ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும்: 6 வோல்ட். அடுத்த பாதி மறுபடி 60 மடங்கு: 360 வோல்ட். இங்கேதான் சங்கடம். மின்வழங்கலே 300 வோல்ட்தான். பிளேட் ஓய்வில் 200 வோல்ட்டில் நிற்கிறது என்றால், மேலே போக 100 வோல்ட் இடம் மட்டுமே மிச்சம். அதற்குமேல் ஏற வேண்டிய அலையின் உச்சி மட்டமாக வெட்டுப்படும். கீழ்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு. அங்கே கிரிட் தானே மின்னோட்டம் உறிஞ்ச ஆரம்பித்து அலையை அமுக்கிவிடும். இப்படி மூன்று, நான்கு கட்டங்கள் வரிசையாக நின்றால் உள்ளே போன மெல்லிய நெளிவு வெளியே வரும்போது ஏறக்குறைய சதுரமாக வரும்.

கம்பியை மீட்டியதும் அதன் அதிர்வு தேயத் தொடங்கிவிடுகிறது. ஆனால் வெட்டுப்பட்ட அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது மின்வழங்கல். உள்ளே வரும் அலை பாதியாகக் குறைந்தாலும் அது கூரையைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளியே வரும் சத்தம் குறையாது. ஹை கெயின் கிட்டாரின் சுரம் வயலின்போல நீண்டு நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். இன்னொரு விளைவு, விரல் அழுத்தத்தில் உள்ள நுட்பமான வேறுபாடுகள் அழிந்துபோவது. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே உயரம். ஆம்ப் வாங்கிய புதிதில் 'நான் இவ்வளவு நன்றாக வாசிக்கிறேனா' என்று பலருக்கும் தோன்றுவது இதனால்தான்.

கட்டங்களுக்கு இடையே வடிவமைப்பாளர்கள் பார்க்கும் வேலையில்தான் ஒரு ஆம்பின் குணம் இருக்கிறது. பெருக்கி எடுத்ததில் பெரும்பகுதியை இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து வேண்டுமென்றே கொட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த கிரிட் திக்குமுக்காடி ஒலி விட்டுவிட்டு வரும். ஒரு கட்டத்தை மட்டும் 'குளிராக' ஓடவிடுவது இன்னொரு வித்தை. வழக்கமாக 1.5 கிலோ ஓம் வைக்கும் கேத்தோடு ரெசிஸ்டரை மார்ஷலின் மாஸ்டர் வால்யூம் ஆம்பில் 10 கிலோ ஓமாக உயர்த்தினார்கள். 1980-களில் வந்த சோல்டானோ ஆம்பில் அது 39 கிலோ ஓம். அந்த வால்வு எப்போதும் அணையும் விளிம்பில் நிற்பதால் அலையின் ஒரு பக்கம் முன்கூட்டியே வெட்டுப்படும், மறுபக்கம் தப்பிக்கும். இரு பக்கமும் சமமாக வெட்டினால் அடிச்சுரத்தின் 3, 5, 7 மடங்கு என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் கிடைக்கும்; கோணலாக வெட்டினால் 2, 4, 6-உம் சேரும். வால்வு என்றாலே இரட்டைப்படை மேற்சுரம், அதனால்தான் இனிமை என்று விளம்பரங்களில் எழுதுவதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு இஎல்84 கொண்ட பவர் பகுதி தன் பங்குக்கு உண்டாக்கும் இரட்டைப்படை மேற்சுரங்களைத் தானே அடித்துக் கழித்துவிடும். இனிமைக்குக் காரணம் பல.

மேற்சுரங்களை விடச் சுவையான விஷயம் இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது நடப்பது. சிதைக்கும் சர்க்யூட் இரண்டு அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய சுரங்களைப் படைக்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதை ஷட்ஜமாகக் கொண்டால் பஞ்சமம் 123.5. கழித்தால் 41 ஹெர்ட்ஸ்: யாரும் வாசிக்காத கீழ் ஸ்தாயி ஷட்ஜம் தானாக முளைக்கிறது. ஹெவி மெட்டலின் பவர் கார்டு இந்த ச-ப ஜோடிதான். கனமாகக் கேட்பதற்கு அந்தக் கள்ளச் சுரமும் ஒரு காரணம்.

ப-வுக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிட்டாரின் சமநிலைச் சுருதியில் அது 103.8 ஹெர்ட்ஸ். ஷட்ஜத்தின் ஐந்தாவது மேற்சுரம் 412. காந்தாரத்தின் நான்காவது 415.3. ஒத்துப்போக வேண்டியவை 3.3 ஹெர்ட்ஸ் விலகி நிற்பதால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மோதிக்கொள்ளும். பஞ்சமத்தில் இதே விலகல் 0.3 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஒரு மோதலுக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும். சுத்தமான ஒலியில் காந்தாரத்தின் மோதல் அவ்வளவாகக் கேட்பதில்லை. சிதைவு ஏற ஏற மேற்சுரங்கள் பலமாகி அது பூதாகரமாகிவிடும். மெட்டல் கிட்டார்க்காரர்கள் முழு மேஜர் கார்டை ஒதுக்குவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, இந்தக் கணக்குதான்.

இனி வாட் சமாச்சாரம். 100 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் டெசிபலில் 8.2. சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றக் கிட்டத்தட்ட 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே 15 வாட் ஆம்ப், 100 வாட் ஆம்பின் பாதிச் சத்தத்துக்கும் சற்று மேலே நிற்கிறது. 15-இலிருந்து 7-க்கு மாற்றும் சுவிட்ச்சோ வெறும் 3.3 டெசிபல், 'கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. செலஷன் நிறுவனத்தின் புகழ்பெற்ற வின்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நயாஷ், 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்கு என்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 15 வாட்டை முழுசாகத் திறந்தால் 112 டெசிபல் வரும். அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. 'சின்ன ஆம்ப், வீட்டுக்கு வாங்கினேன்' என்பவர்கள் பெட்டியின் அளவைப் பார்த்து ஏமாந்தவர்கள். சின்ன மேடைகளுக்கு இது தாராளம். பெரிய அரங்கில் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தால் மற்றதை அரங்கத்தின் ஒலி அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் என்ன செய்வது? ப்ரீஆம்பில்தான் சிதைவு என்பதால் கடைசிச் சத்தத்தைத் தீர்மானிக்கும் மாஸ்டர் குமிழைக் கீழே வைத்தும் வாசிக்கலாம். பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள், பலரும் ஏமாற்றமடைகிறார்கள். உள்ளங்கையின் ஓரத்தால் கம்பிகளை அமுக்கி மீட்டும்போது நெஞ்சில் இடிக்க வேண்டிய 'தும்' காணாமல் போயிருக்கும். ஆம்பைக் குறை சொல்ல முடியாது. தாழ்ந்த சத்தத்தில் மனிதக் காது அடிநாதங்களை மந்தமாகத்தான் கேட்கும் என்பதை 1933-இலேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். வடிவமைப்பாளரும் அடிநாதத்தை முன்பே கொஞ்சம் குறைத்திருப்பார்; சிதைவுக்கு முன் அது அதிகமாக இருந்தால் எல்லாம் கொழகொழத்துவிடும். குறைத்ததைப் பின்னால் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஈடு செய்ய வேண்டும், அதற்கு ஓரளவு சத்தம் தேவை. சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் அதே அடிநாதங்கள்தான் என்பது தனி வேடிக்கை.

பெட்டியைச் சுருக்கியவர்களால் சுருக்க முடியாத ஒரு பாகம் உண்டு: வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு இஎல்84 வால்வுகளுக்கு எதிரே 8,000 ஓம் சுமை இருக்க வேண்டும், ஸ்பீக்கரோ 8 ஓம். ஆயிரத்துக்கு ஒன்று. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 32-க்கு 1. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் அதே மின்னழுத்தத்துக்கு இரும்பில் காந்தப்பாயம் இரட்டிப்பாகும். அடிநாதம் வேண்டுமென்றால் இரும்பு வேண்டும். குட்டி ஆம்பின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது 'என்ன இவ்வளவு கனம்' என்று தோன்றுவது இந்த இரும்பினால்தான். பெரிய ஆம்பின் அடி இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கேட்பதிலும் இரும்புக்குப் பங்கு உண்டு.

வாங்கி வைத்திருப்பவர் மறக்கக்கூடாத விதியும் இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே வருகிறது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டக்கூடாது. காந்தத்தில் சேரும் ஆற்றல் போக இடமில்லாமல் மின்னழுத்தமாக எகிறி, வால்வு சாக்கெட்டின் ஊசிகளுக்கிடையே பொறி பறக்கும், சுருளின் காப்பு எரிந்துபோகும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்கு மாட்டுவதும் தவறு. உருவம் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது. மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் உயிரோடு இருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இரைச்சல் இந்த வகை ஆம்புடன் கூடவே பிறந்தது. பல ஆயிரம் மடங்கு பெருக்கும் பெட்டிக்கு எது இசை, எது மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்று தெரியாது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை வைத்து உருவாக்கிய ஹம்பக்கர் பிக்கப் அந்த ரீங்காரத்தைப் பெருமளவு கழித்துவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப்போடு நாற்காலியில் அப்படியே சுழன்று பாருங்கள். ஒரு திசையில் ஹம் ஓங்கும், இன்னொரு திசையில் அடங்கும். வால்வே மைக்காக மாறுவதும் உண்டு. ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து அதிர்கிற ஆம்பில் உள்ளே இருக்கும் கிரிட் தளர்ந்தால் 'டிங்' என்று ஒலிக்கும், முற்றினால் ஊளையிடும். மரப் பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினால் குற்றவாளி தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் கிட்டார் நுழையும் முதல் இடத்தில் இருக்கும் வால்வுதான். அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கட்டங்களும் அதன் முனகலைப் பெரிதாக்குகின்றன.

மாற்று வால்வு கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஜேஜே தொழிற்சாலை செய்கிறது. ரஷ்யாவின் சாரடோவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ரேடியோக்களுக்காக வால்வு செய்தது. அவற்றில் மிஞ்சிய இசிசி83-களைத் தேடி வாங்கும் கிட்டார்க்காரர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இசிசி83 என்பது 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர். முதல் இடத்தில் அதற்குப் பதிலாக 12ஏடி7 போடுகிறவர்களும் உண்டு. ஊசிகள் அதே அமைப்பு. ஆனால் பெருக்கக் காரணி 100-க்குப் பதில் 60. கெயினுக்காகவே ஒரு ஆம்பை வாங்கி, அதன் கெயினைக் குறைக்க ஒரு வால்வையும் வாங்குகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இது விசித்திரமில்லை. அங்கே ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பார்கள். இரண்டிலும் கெயின் முழுசாக இருந்தால் மீட்டலின் முனைகள் மழுங்கி, இரண்டும் சேர்ந்து வெறும் சீறலாகிவிடும். அதனால் பதிவு தொடங்கும் முன் கெயின் குமிழைப் பத்திலிருந்து ஐந்துக்கோ நான்குக்கோ இறக்கிவிட்டுத்தான் உட்காருவார்கள்.